கத்தரிக்கோல் எங்கே இருக்காங்க?

தரம் 8 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் கொடுக்கப்படும் சாதாரண வாக்கியம் ஒன்று: ‘டீச்சர் கத்தரிக்கோல் எங்கேன்னு கேட்டாங்க.’ ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ, எந்தத் தோட்டப் பாடசாலையில் கொடுத்தாலும் பெரும்பாலான கொப்பிகளில் ஒரே விடைதான் வரும். ‘த டீச்சர் ஆஸ்க்ட் வெயார் த சிஸர்ஸ் வொஸ்.’ வொஸ் மேல் சிவப்புக் கோடு விழும். பக்கத்தில் ‘வேர்’ என்ற திருத்தம் வரும். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு விளக்கமும் இருக்கும்: ‘இரண்டு அலகு உண்டு, ஆகவே பன்மை.’ திருத்தம் சரியானது. அந்த ஓரக் குறிப்புத்தான் நெடுநாளாக உறுத்துகிறது. வழிகாட்டி நூல்களிலும் ரியூஷன் வகுப்புகளிலும் கரும்பலகைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் விளக்கம் அது. பார்வைக்கு நியாயமாக இருக்கிறது. பிள்ளையும் தலையாட்டிவிட்டு உட்காருகிறது. அடுத்த வாரம் அதே பிள்ளை ‘மை ட்ரவுசர்ஸ் இஸ் வெட்’ என்று எழுதுகிறது.

அந்த விளக்கத்தைக் கேட்ட பிள்ளை அதை எண்ணும் விதியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பொருளில் இரண்டு பாகம் இருந்தால் பன்மை என்று மனதில் போட்டுக்கொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணத் தொடங்குகிறது. களிசானுக்கு இரண்டு கால், சரி. அப்படியானால் சட்டைக்கு இரண்டு கை இருக்கிறதே, ‘ஷேர்ட்’ ஏன் ஒருமை? சைக்கிளுக்கு இரண்டு சக்கரம். ஏணிக்கு இரண்டு நெடுங்கழி. இவையெல்லாம் ஆங்கிலத்தில் ஒருமைதான். மறுபக்கம் போனால் இன்னும் மோசம். கொல்லன் பட்டறைத் துருத்தி ஒரே பை. ஆங்கிலத்தில் அது ‘பெலோஸ்’, பன்மை வடிவம். கோதுமை ‘வீட்’, ஒருமை. பக்கத்துப் பொதியில் இருக்கும் ‘ஓட்ஸ்’ பன்மை. இரண்டும் மணிகள்தான். ‘தேங்க்ஸ்’ என்ற நன்றிக்கு எத்தனை பாகம்? இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அதற்கு ‘அது அப்படித்தான், பாடமாக்கு’ என்று சொல்லும்போது, முதலில் கொடுத்த விளக்கத்தையும் சேர்த்தே நாம் கைவிடுகிறோம். எட்டுச் சொல்லுக்குப் பொருந்தி ஒன்பதாவதில் உடையும் விதி, விதியே இல்லாததைவிடக் கெடுதலானது. உடைந்தது விதி என்று பிள்ளைக்குத் தெரியாது. தனக்கு ஆங்கிலம் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

தராசின் கதை

இரண்டு பாகக் கணக்கு முழுப்பொய்யும் இல்லை. அது ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறது. இன்று எப்படி நடக்கிறது என்று சொல்வதில்லை. இதை விளக்க மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தராசைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆங்கிலத்தில் தராசு ‘ஸ்கேல்ஸ்’. பழைய நோர்ஸ் மொழியில் கிண்ணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கோலின் இரு நுனியிலும் கிண்ணம் தொங்கிய காலத்தில் ஒரு கிண்ணம் ‘ஸ்கேல்’, இரண்டும் சேர்ந்து ‘ஸ்கேல்ஸ்’. அன்றைக்கு எண்ணியது சரி. பிறகு தராசு மாறியது. கொழுந்து மடுவத்தில் கொக்கியில் கூடையை மாட்டி நிறுக்கும் சுருள்வில் தராசுக்குக் கிண்ணமே இல்லை. இப்போது வரும் மின் தராசில் கொக்கியும் இலக்கம் காட்டும் கண்ணாடியும்தான். பிரித்தானிய ஆங்கிலத்தில் அதுவும் ‘ஸ்கேல்ஸ்’தான், ‘ஆர்’தான். அமெரிக்கர்கள் ‘எ ஸ்கேல்’ என்று ஒருமையாக்கிவிட்டார்கள். இலங்கையிலும் அது பரவலாகக் கேட்கிறது, பிழை என்று வெட்டத் தேவையில்லை. பொருளில் இருந்த இரண்டு போய்விட்டது, சொல்லில் இருந்த பன்மை தங்கிவிட்டது.

உடுப்புகளிலும் இதே கதை. ‘பிரீச்சஸ்’ என்ற பழைய அரைக்காற்சட்டைச் சொல்லில் பன்மைக்கு மேல் பன்மை ஏறியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ப்ரோக்’ ஒருமை, ‘ப்ரேக்’ பன்மை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பன்மையைப் பன்மையென்று உணராமல், அதன் மேல் இன்னொரு பன்மை விகுதியை ஒட்டினார்கள். ‘பைஜாமா’ இன்னும் தெளிவு. பாரசீக, உருதுச் சொல். ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் உடுப்பு. அங்கே அது ஒருமை. ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் ‘ட்ரவுசர்ஸ்’ குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, வாலில் ‘ஸ்’ ஒட்டி ‘பைஜாமாஸ்’ ஆனது. அதைப் போட்டவர்கள் யாரும் கால்களை எண்ணிப் பார்த்துப் போடவில்லை. இடுப்புக்குக் கீழே கால் பிரிந்து வரும் உடுப்புக்கு அந்தக் குடும்பப் பெயர் பன்மை, அவ்வளவுதான். ஷோர்ட்ஸ், ஜீன்ஸ், லெகின்ஸ் எல்லாம் அந்த வழியில்தான் வந்து சேர்ந்தன. நாளைக்கு இன்னொரு புது உடுப்பு வந்தாலும் அதுவும் பன்மையாகத்தான் வரும். நம் பக்கம் போர்த்துக்கீசரிடமிருந்து வாங்கிய களிசான் ஒருமையாக நிற்பதையும் இங்கே கவனிக்கலாம். இரண்டு கால் எல்லா ஊரிலும் இரண்டு கால்தான். பன்மையாக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த மொழியின் பழக்கம்.

கேட்டாங்க

விடை அந்த மொழிபெயர்ப்பு வாக்கியத்திலேயே கிடந்தது. ‘டீச்சர் கத்தரிக்கோல் எங்கேன்னு கேட்டாங்க.’ எல்லோரும் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாக்கியத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் பாருங்கள். டீச்சர் ஒருவர். கேட்டாங்க என்பது பன்மை. ஒரே ஒரு டீச்சருக்குப் பன்மை வினை போட்டு எழுதப்பட்ட வாக்கியத்தைப் பிள்ளை தடங்கலின்றிப் படிக்கிறது. அம்மா மலைக்குப் போயிட்டாங்க, அம்மாயி கோயிலுக்கு வந்தாங்க, நர்ஸம்மா ஊசி போட்டாங்க என்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறது. எத்தனை அம்மா என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை. வினை எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை, சொல்லின் தகுதியைப் பார்த்து வருகிறது என்பதைப் பிள்ளை அடுப்படியிலேயே கற்றுவிட்டது. சிஸர்ஸுக்கு வேண்டிய இலக்கணம் அவ்வளவும் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும் ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு மனிதரைக் குறிக்கும் பன்மைச் சொல், ஒரு பொருளைக் குறிக்கும் பன்மைச் சொல். இவை வழக்கில் வந்த உயர்சொற்கள், இலக்கண நெறிப்படி வந்தவை அல்ல என்று நூற்பா முடிகிறது. வழக்கு என்ற அந்தச் சொல்லைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆங்கிலத்தில் கத்தரிக்கோலுக்குப் பன்மை வழக்கு. காரணத்தைப் பொருளுக்குள் தேடாமல் வழக்கில் தேடச் சொன்னால், சட்டைக் கை பற்றிய கேள்விக்கும் நேர்மையான விடை கிடைத்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தமிழில் பொருள்களுக்குப் பன்மை காட்டுவது கட்டாயமில்லை. ‘ஒரு கத்தரிக்கோல் இருக்கு’, ‘பத்துக் கத்தரிக்கோல் இருக்கு.’ பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் வழியில் தமிழ்ப் பாடத்தில் சொல்லித் தருவது இதைத்தான். பத்துப் பொருளுக்கே ‘இருக்கு’ போதும் என்று பழகிய வாயிடம், ஒரு பொருளுக்குப் பன்மை போடு என்று கேட்கிறோம். அஃறிணைப் பக்கத்தில் நின்று இதை விளங்கப்படுத்த முயன்றால் தோற்போம். அந்தப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒன்றுக்குப் பன்மை போடும் பழக்கம் தமிழில் உயர்திணைப் பக்கத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஆகவே கத்தரிக்கோலை அந்தப் பக்கம் தூக்கி வைக்க வேண்டும். ‘கத்தரிக்கோல் எங்கே இருக்காங்க? மேசை மேல இருக்காங்க. அவங்களை எடுத்துட்டு வா.’ வகுப்பு சிரிக்கும். சிரித்த வாக்கியம் மறக்காது. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் போதும்: ‘வெயார் ஆர் த சிஸர்ஸ்? தே ஆர் ஒன் த டேபிள். பிரிங் தெம்.’ இருக்காங்க ‘ஆர்’ ஆகிறது, அவங்க ‘தே’ ஆகிறது, அவங்களை ‘தெம்’ ஆகிறது. ஆர் போடத் தெரிந்த பிள்ளைகள்கூட அடுத்த வாக்கியத்தில் ‘இட்’ என்று வழுக்குவது வழக்கம். ‘அவங்க’ என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அந்த வழுக்கலும் நிற்கிறது.

தமிழில் பன்மையாகவே வாழும் பெயர்களும் உண்டு என்று காட்டிவிட்டால் இன்னும் நல்லது. மக்கள் என்ற சொல்லுக்கு இன்றைய பேச்சில் ஒருமை இல்லை. ‘ஒரு மக்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. தேர்ச்சி அறிக்கையின் அடியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில் அம்மா ஒருவரே கையெழுத்து வைக்கிறார். பெற்றோர் பன்மைதானே, அப்பாவும் வைக்கட்டும் என்று எந்தப் பாடசாலையும் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புவதில்லை.

இந்த ஒப்புமை எங்கே நிற்கிறது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிழை முளைக்கும். தமிழில் ‘டீச்சர்’ என்ற பெயர் மாறாமல் வினை மட்டும் பன்மையாகிறது. ஆங்கிலத்தில் பெயரும் சேர்ந்து பன்மையாக நிற்கிறது. ‘ஒரு டீச்சர் வந்தாங்க’ என்பது தமிழில் சரி. ‘எ சிஸர்ஸ்’ எழுத்து ஆங்கிலத்தில் ஆகாது. ‘எ’ வரும் இடத்தில் ‘எ பெயார் ஒஃப்’ அல்லது ‘சம்’ வர வேண்டும். இன்னொன்று: தமிழில் அந்தப் பன்மையோடு மரியாதை ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலச் சிஸர்ஸுக்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை.

சோடி என்ற பொறி

‘பெயார்’ என்ற சொல்லை நாம் சோடி என்று மொழிபெயர்க்கிறோம். ஒரு சோடி சப்பாத்து என்றால் இரண்டு சப்பாத்து. ஒரு சோடி காதணி என்றால் இரண்டு. ஆனால் ‘எ பெயார் ஒஃப் சிஸர்ஸ்’ ஒரே ஒரு கத்தரிக்கோல். இந்த இடத்தில் ‘சோடி’ என்று தமிழில் எழுதிக் காட்டக்கூடாது. எழுதினால் பிள்ளை இரண்டு கத்தரிக்கோலைத்தான் மனதில் காணும், அது பிள்ளையின் பிழை இல்லை. வகுப்பைத் தாண்டி வெளியே போனாலும் இதே குழப்பம் காத்திருக்கிறது. கொழுந்து வெட்டும் கத்தரிக்கு ஆங்கிலத்தில் ‘ஷியர்ஸ்’. ‘டென் பெயார்ஸ் ஒஃப் ஷியர்ஸ்’ என்று ஒரு தேவைப் பட்டியலில் இருந்தால் வர வேண்டியது பத்துக் கருவி. அதைத் தமிழில் ‘10 சோடி கத்தரி’ என்று பெயர்த்தால் படிப்பவர் இருபது எதிர்பார்ப்பார். ‘பெயார் ஒஃப்’ என்பதை இந்தச் சொற்களோடு வரும்போது மொழிபெயர்க்காமல் விட்டுவிட வேண்டும். 10 கத்தரி, 3 களிசான், 1 மூக்குக் கண்ணாடி. கவ்வாத்துக் கத்திக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ‘நைஃப்’, ஒன்று என்றால் ஒன்று, பல என்றால் ‘நைவ்ஸ்’.

வினை விஷயத்தில் ‘பெயார்’ வந்தவுடன் கணக்கு மாறும். ‘தீஸ் சிஸர்ஸ் ஆர் பிளன்ட்’, ஆனால் ‘திஸ் பெயார் ஒஃப் சிஸர்ஸ் இஸ் பிளன்ட்.’ இரண்டாவதில் எழுவாய் ‘பெயார்’, அது ஒருமை, ஆகவே ‘திஸ்’, ‘இஸ்’. ஒன்றுக்கு மேல் போனால் ‘டூ பெயார்ஸ் ஒஃப் சிஸர்ஸ் ஆர்’. பிள்ளைகள் இங்கே செய்யும் பிழைகள் ஏறத்தாழ நிலையானவை: ‘எ பெயார் ஒஃப் சிஸர்’ என்று வாலை வெட்டுவது, ‘டூ பெயார் ஒஃப் சிஸர்ஸ்’ என்று நடுவில் ‘ஸ்’ விடுவது, ‘திஸ் சிஸர்ஸ்’ என்று சுட்டை மறப்பது. மூன்றாவதுதான் பிடிவாதமானது, தமிழில் ‘இந்த’ ஒன்றுக்கும் பலவுக்கும் ஒன்றே என்பதால் காது எச்சரிப்பதில்லை. ஆகவே முதல் நாள் பயிற்சியை வினையில் தொடங்காமல் ‘தீஸ்’ஸில் தொடங்குவது நல்லது. ‘தீஸ்’ சரியாக விழுந்தால் ‘ஆர்’ பின்னாலேயே வரும். முதல் நாளுக்கு ஆறு சொல் போதும்: சிஸர்ஸ், ட்ரவுசர்ஸ், ஷோர்ட்ஸ், கிளாஸஸ், பிளையர்ஸ், டோங்ஸ். பொருளையோ படத்தையோ கையில் கொடுத்து, ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, ‘தீஸ்’, ‘ஆர்’, ‘தே’, ‘தெம்’ என்ற நான்கு மாற்றத்தையும் ஒரே மூச்சில் ஓடவிட வேண்டும். ஆறுக்கு மேல் முதல் நாளில் ஏற்றினால் பட்டியல் பாடமாகும், வாய் பழகாது.

தையல் கடைப் பலகைகளில் ‘ட்ரவுசர்’ என்று ஒருமையில் எழுதியிருப்பதைக் காட்டி ‘இது பிழையா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். துணி வியாபாரத்தில் ‘எ ட்ரவுசர்’ என்பது வழங்கும் தொழில்வழக்கு, இங்கிலாந்திலும் உண்டு. பரீட்சைத் தாளில் எழுதக்கூடாது, பலகையில் இருப்பதைக் கேலி செய்யவும் கூடாது. இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டி நிற்கும்போது பரீட்சை ஆங்கிலத்திலும் அந்த வால் உதிர்கிறது. ‘ட்ரவுசர் பொக்கற்’, ‘பைஜாமா டொப்’. ஆனால் எல்லாவற்றிலும் உதிராது. ‘குளோத்ஸ் லைன்’, ‘கஸ்டம்ஸ் ஒஃபீசர்’, ‘குட்ஸ் ட்ரெயின்’ ஆகியவற்றில் ‘ஸ்’ அசையாது. கண்டியில் ரயில் நிலையத்தருகே குட்செட் பஸ் நிலையம் இருக்கிறது. பெயர் ‘குட்ஸ் ஷெட்’, சரக்குக் கொட்டகை. ‘ஸ்’ஸும் ‘ஷ்’ஷும் அடுத்தடுத்து வந்ததால் ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. அந்தப் பெயரை ‘நல்ல கொட்டகை’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ‘குட்ஸ்’ என்ற சொல்லைச் சொல்லித்தர அதைவிட நல்ல இடமில்லை.

எண்ண முடியாத பன்மைகள்

‘குட்ஸ்’ இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. சிஸர்ஸையாவது ‘பெயார்’ போட்டு எண்ணலாம். குட்ஸ், குளோத்ஸ், பிலோங்கிங்ஸ், சேவிங்ஸ், ஏர்னிங்ஸ், தேங்க்ஸ் ஆகியவை பன்மை வடிவம், பன்மை வினை, ஆனால் முன்னால் இலக்கம் ஏற்காது. ‘ஃபைவ் குளோத்ஸ்’ என்று எழுத முடியாது. தமிழில் ஐந்து உடுப்பு என்று சொல்லலாம் என்பதால் இந்தப் பிழை தொடர்ந்து வரும். என்ன உடுப்பு என்று பெயர் சொல்லி, ‘த்ரீ ஷேர்ட்ஸ் அண்ட் டூ ஸ்கேர்ட்ஸ்’ என்று எழுத வைப்பதே தீர்வு. ‘குளோத்’ என்ற ஒருமை வேறு, அது துணி. ‘மெனி தேங்க்ஸ்’ என்று சொல்லலாம், ‘டூ தேங்க்ஸ்’ என்று சொல்ல முடியாது. ஆக, இந்தக் கூட்டத்துக்கு ‘மெனி’யோ ‘சம்’மோ ‘ஓல்’லோ ஒத்துப்போகும், இலக்கம் ஒத்துப்போகாது.

தோட்டக் குடும்பங்களின் கையில் மாதாமாதம் வரும் சம்பளத் துண்டு இந்தக் கூட்டத்தின் பாடப்புத்தகம். ஒரு பக்கம் ‘ஏர்னிங்ஸ்’, உழைத்தது. மறுபக்கம் கழிவுகள், அவற்றில் சங்கச் சந்தா ‘யூனியன் டியூஸ்’. நிலுவை வந்தால் ‘எரியர்ஸ்’. எரியர்ஸுக்கு இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் ஒருமை இல்லை. மொத்தத்தில் நூறு ரூபாய் மட்டும் பாக்கி என்றாலும் ‘எரியர்ஸ் ஆர்’தான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘ஒரு அரியர் இருக்கு’ என்று தவறிய பாடத்தைச் சொல்வது அந்தச் சொல் தமிழுக்குள் வந்து ஒருமையான கதை; கடிதத்தில் அதைப் பின்பற்றக்கூடாது. ‘வேஜ்’ மட்டும் இரண்டு வடிவிலும் வரும், ஆனால் இடம் வேறு. விகிதத்தைச் சொல்லும்போது ஒருமை: 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது அது ‘டெய்லி வேஜ்’. கையில் கிடைக்கும் பணத்தைச் சொல்லும்போது ‘வேஜஸ்’: ‘அவர் வேஜஸ் வேர் நொட் பெய்ட்.’ ஒரு காலத்தில் வேஜஸ் ஒருமை வினையோடும் நின்றிருக்கிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் பாவத்தின் சம்பளம் மரணம் என்ற வசனத்தில் வேஜஸை அடுத்து வருவது ‘இஸ்’. அதைத் தேவாலயத்தில் கேட்டுப் பழகிய பிள்ளை ‘வேஜஸ் இஸ்’ என்று எழுதினால், அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்து திருத்துவது ஆசிரியரின் கடமை.

மூன்றாவது கூட்டத்தில்தான் உண்மையான ஆபத்து. ‘ஸ்’ சேர்ந்தால் பொருளே மாறும் சொற்கள். ‘கஸ்டம்’ வழக்கம், ‘கஸ்டம்ஸ்’ சுங்கம். ‘பிரெமிஸ்’ வாதத்தின் அடிப்படை, ‘பிரெமிசஸ்’ கட்டடமும் வளவும். ‘மினிட்’ நிமிடம், ‘மினிட்ஸ்’ கூட்ட அறிக்கை. இவற்றில் பிழைத்தால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். ‘டெமேஜ்’ விஷயம் அப்படியில்லை. மண்சரிவுக்கும் கடும் மழைக்கும் பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்களுக்காகப் படித்த பிள்ளைகளே ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். சுவர் வெடித்தது, கூரை போனது, பல இடத்தில் சேதம். பல சேதம் என்பதால் ‘டெமேஜஸ்’ என்று எழுதுகிறார்கள். சேதம் எத்தனை இடத்தில் இருந்தாலும் அது ‘டெமேஜ்’. ஒருமை, ‘ஸ்’ ஏறாது. ‘டெமேஜஸ்’ என்பது நீதிமன்றம் ஒருவரை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லும் நட்டஈட்டுப் பணம். ‘வீ க்ளைம் டெமேஜஸ்’ என்று எழுதினால் வழக்குப் போடும் கடிதமாகத் தொனிக்கும். நிவாரணம் கேட்பவர்கள் அப்படித் தொனிக்க விரும்புவதில்லை. ‘த டெமேஜ் டு அவர் ஹவுஸ்’ என்று சேதத்தை விவரித்து, கேட்பதை ‘கொம்பென்சேஷன்’ என்று எழுத வேண்டும். ஒரே எழுத்து. சிஸர்ஸுக்குச் செலவிடும் பாடவேளையில் பாதியை இந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்தாலும் தகும்.

இங்கிருந்து போனதும் வந்ததும்

தேயிலைத் தொழிற்சாலை ஆங்கிலத்தில் நம் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உருட்டிய கொழுந்தைச் சலித்துப் பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் விழும் பொடியை ‘டூல்’ என்பார்கள். முதல் டூல், இரண்டாம் டூல் என்று எண்ணிப் போய்க் கடைசியில் மிஞ்சுவது ‘பிக் பல்க்’. டூல் நம்முடைய தூள்தான். தமிழில் தூளை எண்ணுவதில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு சலிப்பும் தனித்தனியாக நொதிக்க வைக்கப்படுவதால் எண்ண வேண்டிய தேவை வந்தது. ‘டூல்ஸ்’ என்று பன்மையும் வந்தது. எதிர்த்திசையில் வந்தது ‘ஃபேனிங்ஸ்’. புடைத்துப் பிரித்த சிறு துணுக்குகள். தேயிலைத் தரப்பெயரில் எப்போதும் பன்மை. பி.ஓ.பி.எஃப். (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ ஃபேனிங்ஸ்) என்ற தரத்தின் கடைசி எழுத்து அதுதான்.

லயமும் குவாட்டர்ஸும் இன்னொரு சோடி. தொழிலாளர் குடியிருப்பை ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’ என்றார்கள். வரிசை வரிசையாக நின்றதால் பன்மை. தமிழில் அது ‘ஸ்’ஸை இழந்து லயன் ஆகி, லயம் ஆகி, நம் சொல்லாகவே வேரூன்றிவிட்டது. உத்தியோகத்தர் வீட்டுக்குச் சொன்ன ‘குவாட்டர்ஸ்’ மட்டும் ‘ஸ்’ஸோடு அப்படியே நிற்கிறது. அவர் ஒருவர் இருக்கும் ஒரே வீட்டையும் ‘ஹிஸ் குவாட்டர்ஸ் ஆர் நியர் த ஃபெக்டரி’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஸ்’ஸை எடுத்தால் அது கால்வாசி ஆகிவிடும். லயத்தின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் ‘வீ லிவ் இன் எ லைன்’ என்று எழுதுவதை அடிக்கடி காணலாம். அதில் வீடு தெரிவதில்லை, வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது. ‘லைன் ரூம்’ என்று எழுதினால் ஓர் அறை கண்ணுக்குத் தெரியும். முழுவதையும் சொல்ல ‘த லைன்ஸ்’.

இப்படிச் சொல்லிக்கொடுத்த பிள்ளை பெரியவளாகி, மடுவத்தில் நிறை குறைகிறது என்று அம்மாவுக்காக ஒரு கடிதம் எழுத உட்காரலாம். தொங்குவது ஒரு தராசு. அதில் ஒரே கொக்கி, கிண்ணம் கிடையாது. ‘த ஸ்கேல்ஸ் ஆர் நொட் கரெக்ட். பிளீஸ் செக் தெம்.’